செயற்கைச் சிறுநீரகம் பிறந்த கதை

தஞ்சாவூரில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பொதுப்பணித்துறையில் லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாய்க்கால் கரையைக் காப்பது, மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குவது, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று முறை வைத்து விடுவது, இவையே அவர் செய்து வந்த வேலைகள். இப்போது அவர் வாரத்தில் மூன்று நாள் காலையில், கையில் ஒரு துணிப்பையுடன் மருத்துவமனைக்குப் புறப்பட்டுப் போகிறார். அங்கே நான்கு மணி நேரம் ஒரு இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. அந்த இயந்திரம்தான் அவருடைய இரத்தத்தைச் சுத்தம் செய்து தருகிறது.

ஒரு நாள் மாலை திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது இடது கையை நீட்டி, "இங்க கையை வச்சுப் பாருங்க சார்" என்றார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே விரல்களை வைத்தேன். தோலுக்கடியில் ஒரு வண்டை அடைத்து வைத்தாற்போல 'விர்' என்று அதிர்ந்துகொண்டே இருந்தது.

"பயப்படாதீங்க. பாசன வாய்க்காலை வெட்டி நேரா வடிகால்ல விட்டா எப்படிப் பாயும்? அந்த மாதிரி இரத்தக் குழாயைச் சேர்த்துத் தச்சிருக்காங்க. அந்தச் சத்தம்தான் இது" என்றார்.

பல ஆண்டுகளாகக் கல்லூரியில் பாய்மங்களின் இயக்கத்தைப் பாடம் நடத்துகிறவன் நான். அவர் ஒரே வாக்கியத்தில் சொன்னதை நான் கரும்பலகையில் அரை மணி நேரம் விளக்கியிருப்பேன். அந்த அதிர்வு எங்கிருந்து வருகிறது, அந்த இயந்திரம் எப்படிப் பிறந்தது என்பதை உங்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை. இது மருத்துவத்தின் கதை மட்டும் அன்று. உங்கள் இயற்பியல் பாடத்தின் கதையும் ஆகும்.

சிறுநீரகம் என்ன செய்கிறது?

நம் முதுகுப்புறத்தில், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மூடிய கைப்பிடி அளவு. எடை சுமார் 150 கிராம். இவ்வளவு சிறிய உறுப்புகளுக்கு இதயம் அனுப்பும் இரத்தத்தின் அளவைக் கேட்டால் வியப்படைவீர்கள். இதயம் ஒரு நிமிடத்தில் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று மேல், சிறுநீரகங்களுக்கே போகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இவை நுண்ணிய வடிகட்டிகள். நாள் ஒன்றுக்கு 180 லிட்டர் நீர்மத்தை இவை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, அதில் 99 சதவீதத்துக்கு மேல் மீண்டும் இரத்தத்துக்கே திருப்பி விடுகின்றன. எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. நாம் உண்ணும் பருப்பிலும் மீனிலும் உள்ள புரதம் உடலில் சிதையும்போது உண்டாகும் யூரியா, தசைகளில் உண்டாகும் கிரியாட்டினின், மிகையான பொட்டாசியம், மிகையான நீர் ஆகியவை இந்த வழியாகவே வெளியே போகின்றன.

இந்த வேலை நின்றுபோனால்? வடிகால் அடைபட்ட வயலை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் தேங்குகிறது, உப்பு ஏறுகிறது, சில நாட்களில் பயிர் அழுகிவிடுகிறது. உடலும் அப்படித்தான். முகமும் காலும் வீங்கும், வாந்தி வரும், நினைவு தடுமாறும். பொட்டாசியம் மிகுந்தால் இதயமே நின்றுவிடும். 1940-க்கு முன் இந்த நிலையை அடைந்தவர்களுக்கு மருத்துவம் செய்யக்கூடியது மிகக் குறைவே.

கிரகாமின் தாள்

இதற்கான வழியைத் திறந்த முதல் கண்டுபிடிப்பு மருத்துவமனையில் நிகழவில்லை. ஒரு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தது. தாமஸ் கிரகாம் என்ற ஸ்காட்லாந்து அறிஞரை நீங்கள் அறிவீர்கள். வாயுக்களின் விரவுதல் பற்றிய விதியைக் கண்டவர் அவரே. அவர் 1861-ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டார். தாவரப் பொருளாலான பார்ச்மென்ட் தாளைத் தடுப்பாகக் கட்டி, ஒரு பக்கத்தில் உப்பும் பசையும் கலந்த கரைசலையும், மறுபக்கத்தில் தூய நீரையும் வைத்தால், உப்பு தாளைக் கடந்து நீருக்குப் போய்விடுகிறது, பசை போவதில்லை. சிறிய மூலக்கூறுகள் புகக்கூடிய நுண்துளைகள் அத்தாளில் உள்ளன. பெரிய மூலக்கூறுகள் புக முடியாது. இம்முறைக்கு அவர் 'டயாலிசிஸ்' என்று பெயரிட்டார். உங்கள் வேதியியல் நூலில் 'கூழ்ப்பிரிப்பு' என்று படிப்பது இதைத்தான்.

யூரியாவின் மூலக்கூறு நிறை 60. இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தின் மூலக்கூறு நிறை சுமார் 66,000. இரத்த அணுக்களோ இவற்றைவிட மிக மிகப் பெரியவை. ஆகவே, இரத்தத்தை இத்தகைய ஒரு சவ்வின் ஒரு பக்கத்தில் ஓடவிட்டு, மறுபக்கத்தில் ஒரு கரைசலை வைத்தால் யூரியா வெளியேறும். புரதமும் அணுக்களும் தங்கும். கொள்கை இவ்வளவே.

ஆனால் கொள்கைக்கும் கருவிக்கும் இடையே 80 ஆண்டுகள் கடந்தன. 1913-இல் அமெரிக்காவில் ஜான் ஏபெல் என்பவர் இம்முறையில் நாய்களின் இரத்தத்தைச் சுத்தம் செய்து காட்டினார். உடலை விட்டு வெளியே வந்த இரத்தம் உறைந்துவிடுமே, அதற்கு என்ன செய்தார் தெரியுமா? அட்டைப்பூச்சி கடித்தால் இரத்தம் எளிதில் நிற்பதில்லை என்பதை வயலில் இறங்கியவர்கள் அறிவார்கள். அட்டையின் தலைப்பகுதியிலிருந்து எடுத்த பொருளையே அவர் உறையாமைக்குப் பயன்படுத்தினார். 1924-இல் ஜெர்மனியில் கியோர்க் ஹாஸ் முதன்முதலாக மனிதர்மீது இதைச் செய்து பார்த்தார். அவருடைய கருவி நோயாளியைக் காப்பாற்றும் அளவுக்கு யூரியாவை நீக்கவில்லை.

ஓர் உழவர் மகனின் மரணம்

இப்போது நம் கதையின் நாயகரிடம் வருவோம். வில்லெம் கோல்ஃப் 1911-இல் நெதர்லாந்தில் லைடன் நகரில் பிறந்தவர். 1938-இல் குரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்தார். அவருடைய பொறுப்பில் 22 வயது இளைஞன் ஒருவன் சேர்க்கப்பட்டான். ஏழை உழவர் ஒருவரின் மகன். சிறுநீரகங்கள் பழுதாகி, பார்வை மங்கி, வாந்தியெடுத்து, சில நாட்களில் இறந்துபோனான். கறுப்பு உடையில் வந்து நின்ற தாயிடம் அச்செய்தியைச் சொல்லும் வேலை கோல்ஃபுக்கு வந்தது.

அவர் அதன்பின் ஒரு கணக்குப் போட்டார். நாள்தோறும் சுமார் 20 கிராம் யூரியாவை மட்டும் அந்த இளைஞனின் உடலிலிருந்து எடுக்க முடிந்திருந்தால் அவன் பிழைத்திருக்கக் கூடுமே! இருபது கிராம் என்பது நான்கைந்து தேக்கரண்டிச் சர்க்கரையின் எடைதான்.

அப்பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியர் பிரிங்க்மன், செல்லோஃபேன் என்ற பொருளை அவருக்கு அறிமுகப்படுத்தினார். மேலைநாடுகளில் அரைத்த இறைச்சியை அடைத்து விற்பதற்குச் செல்லோஃபேனால் ஆன மெல்லிய குழல் உறைகளைப் பயன்படுத்தி வந்தனர். கோல்ஃப் அத்தகைய குழலின் ஒரு துண்டில் சிறிதளவு இரத்தத்தை ஊற்றி, அதில் யூரியாவைக் கலந்து, உப்பு நீரில் வைத்து ஆட்டினார். சில நிமிடங்களுக்குள் யூரியாவில் பெரும்பகுதி வெளியே போய்விட்டது.

சுழலும் உருளை

1940 மே மாதம் ஜெர்மானியப் படைகள் நெதர்லாந்தைப் பிடித்தன. நாஜிகள் நியமித்த தலைவரின்கீழ் வேலை செய்ய விரும்பாத கோல்ஃப், 1941-இல் கம்பன் என்ற சிற்றூரின் மருத்துவமனைக்குப் போய்விட்டார். நம் கவிச்சக்கரவர்த்தியின் பெயரைப் போல ஒலிக்கும் அந்த ஊரில்தான் செயற்கைச் சிறுநீரகம் பிறந்தது.

போர்க்காலம், எந்தப் பொருளும் எளிதில் கிடைக்காது. எனாமல் பாத்திரத் தொழிற்சாலை ஒன்றின் தலைவர் பெர்க் என்பவர் உதவிக்கு வந்தார். மரச்சட்டங்களால் ஓர் உருளை செய்தார்கள். அதைச் சுற்றி சுமார் 20 மீட்டர் நீளச் செல்லோஃபேன் குழலைச் சுருள் சுருளாகச் சுற்றினார்கள். உருளையின் கீழ்ப்பகுதி, உப்புக் கரைசல் நிரம்பிய ஒரு தொட்டியில் முழுகியிருக்கும். நோயாளியின் இரத்தம் குழலின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளிவரும்.

20 மீட்டர் குழலுக்குள் இரத்தத்தைத் தள்ளுவது யார்? ஈர்ப்பு விசைதான். குழலுக்குள் இருக்கும் இரத்தம் எப்போதும் சுருளின் அடிப்பகுதிக்கே இறங்கி நிற்கும். உருளை ஒரு சுற்று சுற்றினால், அடிப்பகுதி அடுத்த சுருளுக்கு மாறுகிறது. இரத்தமும் அடுத்த சுருளுக்கு நகர்கிறது. ஆர்க்கிமிடீசின் திருகு என்று நீரிறைக்கும் கருவியைப் படித்திருப்பீர்களே, அதே தத்துவம்.

தொட்டியில் ஏன் வெறும் தண்ணீரை ஊற்றவில்லை? விரவுதல், செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நிகழ்வது. வெறும் தண்ணீராக இருந்தால் யூரியாவோடு உடலுக்கு வேண்டிய உப்புகளும் போய்விடும். இரத்தத்தில் எவ்வளவு சோடியம் உண்டோ அவ்வளவு சோடியத்தைத் தொட்டியிலும் கரைத்து வைத்தால், அந்த உப்பு இருபுறமும் சமமாகிவிடுகிறது, இழப்பு இல்லை. யூரியா தொட்டியில் இல்லை. ஆகவே அது வெளியேறிக்கொண்டே இருக்கும். எது போக வேண்டும், எது தங்க வேண்டும் என்று சவ்வு தேர்ந்தெடுப்பது பாதி; தொட்டியின் கரைசல் தேர்ந்தெடுப்பது மறுபாதி!

இரத்தம் உறையாமலிருக்க இம்முறை அட்டை வேண்டியதில்லை. ஹெப்பாரின் என்ற மருந்து அதற்குள் கிடைக்கத் தொடங்கியிருந்தது.

அடுத்தடுத்துத் தோல்விகள்

1943 மார்ச் மாதம், 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதன்முதலாக இக்கருவியைப் பயன்படுத்தினார் கோல்ஃப். யூரியா குறைந்தது, அவர் தெளிவடைந்தார். மீண்டும் யூரியா ஏறியது, மீண்டும் டயாலிசிஸ். இப்படி 12 முறை நடந்தது. ஒவ்வொரு முறையும் இரத்தத்தை எடுக்க ஒரு இரத்தக் குழாயைத் திறக்க வேண்டியிருந்தது. ஒரு முறை பயன்படுத்திய குழாய் மறுமுறைக்கு உதவாது. கடைசியில் திறப்பதற்கு நல்ல இரத்தக் குழாயே மிஞ்சவில்லை. அப்பெண் இறந்துபோனார். கருவி தோற்கவில்லை, கருவிக்கும் உடலுக்கும் இடையே கதவு இல்லை.

அடுத்து வந்த நோயாளிகளும் ஏறக்குறைய எல்லோருமே இறந்தனர். முதல் பதினைந்து பேரில் ஒருவர் பிழைத்தார். அவரும் கருவியால்தான் பிழைத்தார் என்று கோல்ஃபே உறுதியாகச் சொல்லவில்லை. உடன் வேலை செய்தவர்களில் சிலர்கூட ஐயப்பட்டனர். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் எத்தனை கிராம் யூரியா வெளியேறியது என்று அளந்து எழுதி வைத்தார். எண்கள் நம்பிக்கை தந்தன.

1945 செப்டம்பரில் 67 வயது மூதாட்டி ஒருவர் நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்டார். போரின்போது ஆக்கிரமிப்பாளர்களுக்குத் துணை நின்றவர் என்று சிறையில் வைக்கப்பட்டிருந்தவர் அவர். ஊரில் அவரை வெறுத்தவர்கள் பலர். கோல்ஃபும் நாஜிகளை எதிர்த்தவரே. ஆயினும் நோயாளி நோயாளிதான் என்று கருவியை ஓட்டினார். சுமார் 11 மணி நேரத்துக்குப் பின் அம்மூதாட்டி கண் விழித்தார். அவருடைய சிறுநீரகங்கள் தற்காலிகமாகவே நின்றுபோயிருந்தன; அவை மீண்டும் வேலை செய்யத் தொடங்கின. செயற்கைச் சிறுநீரகம் காப்பாற்றிய முதல் உயிர் அது.

போர் முடிந்ததும் கோல்ஃப் தம் கருவிகளை இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, போலந்து ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளுக்கு இலவசமாக அனுப்பி வைத்தார். 1950-இல் அமெரிக்காவிலுள்ள கிளீவ்லாந்துக்குச் சென்றார். அங்கே வாட்சிங்கர் என்பவருடன் சேர்ந்து, 1956-இல் ஒரு பழச்சாற்று டப்பாவில் அடங்கக்கூடிய சுருள் கருவியைச் செய்தார். ஒரு முறை பயன்படுத்தி எறிந்துவிடக் கூடிய சிறுநீரகம்!

கதவு தேடியவர்கள்

ஆனால் அந்த 29 வயதுப் பெண்ணின் உயிரைக் கொண்டுபோன சிக்கல் அப்படியே இருந்தது. சிறுநீரகம் நிரந்தரமாகச் செயலிழந்தவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு குழாயை வீணாக்கினால் எத்தனை நாள் தாங்கும்?

1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் ஒரு வழி கண்டார். எதனோடும் ஒட்டாத டெஃப்லான் என்ற பிளாஸ்டிக்கினால் ஒரு சிறு குழாய் செய்து, கையிலுள்ள ஒரு தமனியையும் ஒரு சிரையையும் தோலுக்கு வெளியே இணைத்துவிட்டார். வேண்டும்போது நடுவே கழற்றி இயந்திரத்தில் மாட்டலாம். இவ்வாறு சிகிச்சை பெற்ற முதல் நோயாளி மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இப்போது வேறொரு துன்பம். இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர். யாருக்குச் சிகிச்சை தருவது என்று முடிவு செய்ய, ஊர்ப் பொதுமக்களில் சிலரைக் கொண்டு சியாட்டிலில் ஒரு குழு அமைத்தார்கள். யார் வாழ வேண்டும் என்று அக்குழு வாக்கெடுத்தது. இந்த நிலை பலருடைய மனச்சாட்சியை உறுத்தியது. 1972-இல் அமெரிக்காவில் டயாலிசிஸ் செலவை அரசே ஏற்கும் சட்டம் வந்தது.

வெளியே கிடக்கும் பிளாஸ்டிக் குழாயில் சீழ் பிடிக்கும், இரத்தம் உறையும். 1966-இல் நியூயார்க்கில் பிரெஷ்யா, சிமினோ ஆகிய மருத்துவர்களும் அவர்களுடைய குழுவினரும் பிளாஸ்டிக்கே இல்லாத வழியைக் கூறினர். மணிக்கட்டுக்கு அருகில் ஒரு தமனியை ஒரு சிரையோடு நேரடியாகத் தைத்துவிடுவது! எங்கள் தெருப் பெரியவரின் கையில் இருப்பது இதுதான்.

நம் ஊர் வாய்க்காலைக் கொண்டு இதைப் புரிந்துகொள்ளலாம். கல்லணையில் பிரிந்த தண்ணீர் ஆறாகவும், கிளை வாய்க்காலாகவும், கன்னி வாய்க்காலாகவும் சிறுத்து, மடை வழியே வயலில் புகுந்து, மெல்லப் பரவி, பின் வடிகாலில் இறங்குகிறது. தமனி பாசன வாய்க்கால், நுண்குழாய்கள் வயல், சிரை வடிகால். இடையில் உள்ள சின்னஞ்சிறு மடைகளே ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றன. வாய்க்கால் கரையை வெட்டி நேரே வடிகாலில் விட்டால் தடை நீங்கிவிடுகிறது. தண்ணீர் பீறிட்டுப் பாய்கிறது. மணிக்கட்டுத் தமனியில் சாதாரணமாக நிமிடத்துக்கு 20, 30 மில்லிலிட்டர் ஓடும் இரத்தம், இந்த இணைப்புக்குப் பின் 600 மில்லிலிட்டருக்கும் மேலாகிவிடுகிறது. வேகம் மிகுந்தால் ஓட்டம் வரிச்சீராக இராது; சுழல்கள் தோன்றும். அச்சுழல்கள் குழாய்ச் சுவரை அதிரச் செய்கின்றன. என் விரல் உணர்ந்த 'விர்' அதுவே.

வடிகாலில் நெடுநாள் வேகமாகத் தண்ணீர் போனால் அது அகலமாகிவிடும் அல்லவா? சிரையும் சில வாரங்களில் அகன்று, சுவர் தடித்து, வாரம் மூன்று முறை ஊசி குத்துவதைத் தாங்கும் அளவுக்கு வலுப்பெறுகிறது. அதிர்வு இருக்கும்வரை கதவு திறந்திருக்கிறது என்று பொருள். பெரியவர் தினமும் காலையில் எழுந்ததும் முதலில் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

பத்தாயிரம் வாய்க்கால்கள்

இன்றைய இயந்திரத்தில் சுழலும் உருளை இல்லை. அதன் இதயமான பகுதி, ஒன்றேகால் சாண் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் உருளைக்குள் அடங்கிவிடுகிறது. அதற்குள் சுமார் 10,000 உள்ளீடற்ற இழைகள் இருக்கின்றன. ஒவ்வோர் இழையின் உள்விட்டம் சுமார் 0.2 மி.மீ. இழைகளுக்குள்ளே இரத்தம், வெளியே கரைசல். 1960-களின் பிற்பகுதியில் இது பயனுக்கு வந்தது. ஏன் இத்தனை மெல்லிய இழைகள்? தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விரவுதல். யூரியா தண்ணீரில் தானாக விரவி 0.1 மி.மீ. கடக்க ஏறத்தாழ 4 வினாடி போதும். 1 மி.மீ. கடக்க? 10 மடங்கு அன்று. 100 மடங்கு, அதாவது 400 வினாடி. விரவும் நேரம் தொலைவின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 1 செ.மீ. கடக்க ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகும்! ஆகவே குழாய் எவ்வளவு மெலிந்ததோ அவ்வளவு நல்லது.

ஆனால் ஓட்டம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. இரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ள விரும்பிய பாய்சொய்லி என்ற பிரெஞ்சு மருத்துவர், 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டு அளந்தார். அழுத்தம் மாறாதபோது ஓட்டம் ஆரத்தின் நான்மடிக்கு நேர்விகிதம் என்று கண்டார். ஆரத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே குழாய் மெலியக் கூடாது.

ஒன்று மெலி என்கிறது. மற்றொன்று மெலியாதே என்கிறது. விடை என்ன? பலவாகப் பிரி! 0.1 மி.மீ. ஆரமுள்ள 10,000 இழைகள் பக்கம் பக்கமாக இருந்தால், அவற்றின் மொத்த ஓட்டம் அதே நீளமுள்ள எந்தத் தனிக் குழாய்க்குச் சமம்? 10,000 என்பது 10-இன் நான்மடி. ஆகவே 10 மடங்கு ஆரம், அதாவது 1 மி.மீ. ஆரமுள்ள ஒரே குழாய்க்குச் சமம்.

இப்போது பரப்பைப் பாருங்கள். நீளம் 25 செ.மீ. என்று கொள்வோம். 1 மி.மீ. ஆரமுள்ள தனிக் குழாயின் சுவர்ப்பரப்பு சுமார் 16 சதுர செ.மீ. ஒரு தபால் தலையைவிடச் சற்றுப் பெரிது. 10,000 இழைகளின் சுவர்ப்பரப்போ சுமார் 15,700 சதுர செ.மீ.; அதாவது ஒன்றரைச் சதுர மீட்டர். ஒரு பாயின் பரப்பு! ஓட்டத்துக்கான தடை அதே; பரப்பு ஆயிரம் மடங்கு.

நேரத்தையும் கணக்கிடுவோம். இரத்தம் நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர், அதாவது வினாடிக்கு 5 மில்லிலிட்டர் ஓடுகிறது. இழைகளின் மொத்தக் கொள்ளளவு சுமார் 79 மில்லிலிட்டர். ஆக, இரத்தம் சுமார் 16 வினாடி உள்ளே தங்குகிறது. யூரியா இழையின் நடுவிலிருந்து சுவரை அடைய 4 வினாடி; சுவரைக் கடக்கவும் நேரம் எஞ்சுகிறது. அந்தத் தனிக் குழாயில் இரத்தம் ஆறில் ஒரு வினாடிதான் தங்கும். தேவைப்படுவதோ 400 வினாடி. வேறுபாடு விளங்குகிறதா?

காவிரிப் படுகையை ஆயிரம் ஆண்டுகளாக நம் முன்னோர் இப்படித்தான் ஆண்டார்கள். காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு. வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு, வடவாறு. அவற்றிலிருந்து எண்ணற்ற வாய்க்கால்கள். ஒரே ஆறாகப் போயிருந்தால் கரையோர வயல்கள் மட்டுமே நனைந்திருக்கும். பிரிந்ததால் படுகை முழுவதும் நெல் விளைகிறது.

எதிரெதிர் ஓட்டம்

இன்னொரு நுட்பமும் உண்டு. இரத்தம் இழைகளில் மேலிருந்து கீழே ஓடினால், கரைசலைக் கீழிருந்து மேலே ஓட விடுகிறார்கள். இரண்டும் ஒரே திசையில், சம அளவில் ஓடினால் என்ன ஆகும்? இரத்தத்தில் யூரியா 100 பங்கு என்றால், போகப் போக அது குறைந்து, கரைசலில் ஏறி, இரண்டும் 50 பங்கில் சமமாகிவிடும். அதற்கு மேல் விரவுதல் இல்லை. எதிரெதிராக ஓடினால், வெளியேறப் போகும் சுத்தமான இரத்தத்தைப் புத்தம்புதிய கரைசல் சந்திக்கிறது. வழி நெடுகிலும் செறிவு வேறுபாடு நிலைத்திருக்கிறது. ஆகவே 50 பங்குக்கும் கீழே கொண்டுபோக முடிகிறது.

கரைசலின் பக்கத்தில் அழுத்தத்தைச் சற்றுக் குறைத்து, உடலில் தேங்கிய மிகை நீரையும் இழுத்துவிடுகிறார்கள். நான்கு மணி நேரத்தில் 72 லிட்டர் இரத்தம் இயந்திரத்தைக் கடக்கிறது. உடலில் இருப்பது 5 லிட்டர்தான். எனவே இரத்தம் முழுவதும் ஏறத்தாழ 14 முறை சுற்றி வருகிறது.

செய்து பாருங்கள்

கிரகாமின் சோதனையை உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்யலாம். ஆசிரியரிடம் செல்லோஃபேன் தாள் கேட்டு வாங்குங்கள். பரிசுப் பொருள் சுற்றும் பளபளப்புத் தாள் இப்போதெல்லாம் பெரும்பாலும் வேறு பிளாஸ்டிக், அது உதவாது. தாளை நனைத்துப் பை போலாக்கி, சோற்றுக் கஞ்சியில் உப்பைக் கரைத்து ஊற்றி, வாயை இறுகக் கட்டுங்கள். வெளிப்புறத்தை நன்றாகக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். பிறகு அந்த வெளிநீரை இரண்டு சோதனைக் குழாய்களில் எடுங்கள். ஒன்றில் சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு துளி விட்டால் வெண்மையான வீழ்படிவு தோன்றும். உப்பு வெளியே வந்துவிட்டது. மற்றொன்றில் அயோடின் கரைசலை விட்டால் நீலம் தோன்றாது; கஞ்சியின் ஸ்டார்ச் வரவில்லை. பைக்குள் இருக்கும் கஞ்சியில் அயோடினை விட்டால் கருநீலம்! சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் கறையாகும். ஆசிரியர் அருகில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

பதினான்கில் ஒரு பங்கு

இந்தியாவில் இச்சிகிச்சை 1960-களின் தொடக்கத்தில் நம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. நாட்டில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையும் 1971-இல் அங்கேதான் நடந்தது. இன்று தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் டயாலிசிஸ் செய்கிறார்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்றறையின் உட்சவ்வையே வடிகட்டியாகப் பயன்படுத்தும் மற்றொரு வகை டயாலிசிசுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

கோல்ஃப் அதோடு நிற்கவில்லை. 1967-இல் யூட்டா பல்கலைக்கழகத்துக்குச் சென்று செயற்கை இதயத்தில் ஈடுபட்டார். அவருடைய குழு உருவாக்கிய இதயத்துடன் 1982-இல் ஒரு நோயாளி 112 நாள் வாழ்ந்தார். 2002-இல் கோல்ஃபுக்கும் ஸ்கிரிப்னருக்கும் சேர்த்து லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. சல்லடை செய்தவருக்கும் கதவு செய்தவருக்கும் ஒரே விருது! 2009-இல், 97-ஆம் வயதில் கோல்ஃப் மறைந்தார்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம். நம் சிறுநீரகம் 168 மணியும் உழைக்கிறது. இயந்திரம் உழைப்பது 12 மணி. அதாவது பதினான்கில் ஒரு பங்கு. எஞ்சிய நேரமெல்லாம் யூரியாவும் நீரும் உடலில் சேர்ந்துகொண்டே இருக்கும். இரத்தச் சிவப்பணு பெருகத் தூண்டும் பொருளைச் சுரப்பது போன்ற வேலைகளை இயந்திரம் செய்வதே இல்லை. ஆகவே இருக்கும் சிறுநீரகத்தைக் காப்பதே முதல் வேலை. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் அதன் பெரும் பகைகள். வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் நாள்கணக்கில் விழுங்குவதும் தீங்கு. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் உழவர்களிடையே இவை எதுவும் இல்லாமலே சிறுநீரக நோய் பரவியிருக்கிறது. காரணம் இன்னும் ஆராயப்படுகிறது. கடும் வெயிலில் போதிய நீர் அருந்தாமல் உழைப்பது அதில் ஒரு பங்கு வகிக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். நடவுக்கும் அறுப்புக்கும் போகும் உங்கள் வீட்டாருக்கு ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டில் பெரியவர்களின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் பெரியவர் இப்போது ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் என்று அளந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும். சென்ற முறை மேட்டூர் அணை திறந்து புது ஆற்றில் தண்ணீர் வந்தபோது இருவரும் பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். "ஊருக்கெல்லாம் அளந்து விட்டேன் சார். இப்ப எனக்கு அளந்து விடுறாங்க" என்று சிரித்தார். பிறகு வழக்கம்போல இடது கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதிர்வு இருந்தது.